உடையாத கோடு

"உடையுது ஷீலாக்கா, உடையுது! பிள்ளையார் தும்பிக்கைய பாரு, படிக்கட்டு மாதிரி கீது!"

எங்கள் கல்லூரி முதல்வரின் மகள் கல்யாணப் பத்திரிகை எல்லோருடைய கைபேசிக்கும் வந்த சூடு இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம், மண்டபம் எங்கே, பந்தியில் ஐஸ்கிரீம் உண்டா என்று மற்றவர்கள் நியாயமான கவலைகளில் இருந்தார்கள். மணிமொழி மட்டும் இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்து, மறுபடி விரித்து, இன்னும் விரித்து, பிள்ளையாரின் தும்பிக்கை நுனிக்கே போய்விட்டாள். அங்கே கோடு வளையவில்லை. சதுரம் சதுரமாக இறங்கியது. நிமிர்ந்தாள். எதிரே முதல்வர்.

"நல்ல சம்பந்தம் சார், வாழ்த்துகள். பத்திரிகைய மட்டும் வெக்டர்ல கேட்டு வாங்கியிருக்கலாம் சார்."

முதல்வர் பாவம், நல்ல மனிதர். "சாப்பாடு நல்லா இருக்கும்மா, குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடையாறில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். மணிமொழி மின்னணுவியல். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது, குள்ளமான உருவம், கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். புடவைத் தலைப்பில் எப்போதும் கம்பி பற்றவைக்கிற சால்டர் ஈயத்தின் வாசனை. வகுப்பில் புத்தகத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கணீரென்று பேசுவாள். ஆசிரியர் அறைக்குள் காலை வைத்ததும் "அப்பால இன்னா?" என்று சொந்த ஊர்த் தமிழுக்கு வந்துவிடுவாள். அடக்கம் என்கிற பேச்சே கிடையாது. "இந்த ஸ்டாஃப் ரூம்ல எனக்குத்தான் மூளை ஜாஸ்தி, உனக்கு வாய் ஜாஸ்தி" என்று என்னிடமே சொன்னவள். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அதுவே அவள் பேச்சுக்குச் சாட்சியாகிவிட்டது.

எதைப் பார்த்தாலும் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வியாதி. ஓட்டல் மெனு, ரேஷன் கடை அறிவிப்பு, பல் டாக்டர் விளம்பரம், எது கைபேசிக்கு வந்தாலும் இரண்டு விரலை விரிப்பாள். கோடு கோடாகவே நின்றால் "தௌலத்தா கீது" என்று ஒரு பாராட்டு. சதுரமாகப் பிரிந்தால் "உடையுது" என்று ஒரு தீர்ப்பு. மேல் முறையீடு கிடையாது.

இந்த வியாதி ஒட்டிக்கொண்ட கதை சுவையானது. மணிமொழி அடையாற்றங்கரைக் குடிசை வரிசையில் பிறந்து வளர்ந்தவள். அந்த வரிசையில் பாதிக்கு மேல் இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அவள் அம்மா முனியம்மாள் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருந்துகொண்டு, லிப்ட் ஓடாத நாளில் ஊரையே திட்டுகிறார். அன்று ஆற்றங்கரையில், பொண்ணு இன்ஜினியரிங் பாஸ் என்றதும் அந்த வரிசையே கூடி ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தது. கையில் கிடைத்தது ஹால்டிக்கெட்டில் ஒட்டிய படம். அந்த ஸ்டாம்பு அளவை ஆள் உயரத்துக்கும் மேலே இழுத்தார்கள். முகம் பிஸ்கட் பிஸ்கட்டாகப் பிரிந்துபோனது. வேலை முடிந்து திரும்பிய முனியம்மாள் பேனரைப் பார்த்துவிட்டு, "யார்ரா இது, போலீஸ் தேடற ஆளா?" என்று கேட்டாராம்.

பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மணிமொழி நேரே தேனாம்பேட்டையில் அந்தப் பேனரை அடித்த கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சேரன் அசரவில்லை.

"ஸ்டாம்பு சைஸ்ல போட்டோ குடுத்துட்டு பத்தடிக்கு மூஞ்சி கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? உன் பேரப் பாரு, எழுத்து எப்படி பளிச்சுனு நிக்குது. மூஞ்சிதான் உடைஞ்சிருக்கு. ஏன்னு யோசிச்சியா? நீதான இன்ஜினியர்?"

யோசித்தாள். யோசிப்பதற்காக அடிக்கடி அந்தக் கடைக்குப் போனாள். யோசனை முற்றி, கல்யாணத்தில் முடிந்தது. ஜாடிக்கேத்த மூடி. அவர்கள் கல்யாணப் பேனரில் போட்டோவே கிடையாது. சேரன் தன் கையால் வரைந்த கோட்டோவியம் மட்டும். மணமகள் மேடைக்குப் போகும் முன் பேனருக்குக் கிட்டத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று சேரன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

எனக்கு இதெல்லாம் ஒரு மண்ணும் புரியாத காலம் இருந்தது. "ரெண்டும் படம்தானேடி, என்ன பெரிய வித்தியாசம்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவள் என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இத்த எங்க தெச்ச?"

"தி.நகர்ல."

"டைலருக்கு ஜாக்கெட்டு போட்டோவ அனுப்பிச்சு, இதே மாதிரி பெருசா ஒண்ணு தெச்சிக் குடுன்னா குடுப்பானா? அளவு குடுக்கணும். தோள் இவ்ளோ, கை இவ்ளோன்னு. அளவு இருந்தா உனக்கும் தெப்பான், யானைக்கும் தெப்பான். ஸ்கிரீன்ஷாட்டுன்றது போட்டோ. வெக்டர்ன்றது அளவு. இங்கேந்து அங்க ஒரு கோடு, இவ்ளோ தடிமன், அவ்ளோதான். எத்தினி பெருசு பண்ணாலும் புதுசா இழுக்கும். உடையவே உடையாது."

யானையை இதில் இழுத்திருக்க வேண்டாம். ஆனால் விஷயம் பசுமரத்தாணி போல் பதிந்துவிட்டது.

அவள் துறையில் ஒரு மென்பொருள் இருக்கிறது. சர்க்யூட்டைத் திரையில் வரைந்து, கரண்டு விடுவதுபோல் விட்டுப் பார்த்து, வேலை செய்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். சிமுலேஷன் என்கிறார்கள். அது திரைக்காகப் பிறந்தது. கறுப்புப் பின்னணி, பச்சைக் கம்பி, நடுவே, கம்பியை நேராக இழுக்க வழிகாட்டும் புள்ளிகள் அம்மைத் தழும்பு போல வரிசையாக. பிள்ளைகள் அதை அப்படியே திரையிலிருந்து சுரண்டி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டிக் கொண்டுவருவார்கள். பிரிண்ட் எடுத்தால் அமாவாசை இரவில் எடுத்த படம். மணிமொழியிடம் அது செல்லாது.

"பெத்த புள்ளைய தூங்கி எழுந்த மூஞ்சோட ஸ்கூல் போட்டோவுக்கு அனுப்புவியா? குளிப்பாட்டு, தலை சீவு, பவுடர் போடு, அப்பால அனுப்பு."

குளிப்பாட்டுவது என்றால் பின்னணியை வெள்ளையாக்குவது. தலை சீவுவது என்றால் அந்த வரிசைப் புள்ளிகளை அணைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் எழுத்துகளைத் தள்ளி வைப்பது. பவுடர் என்றால் கம்பிகளைக் கறுப்பாக்கித் தடிமன் ஏற்றுவது. அதற்குப் பிறகு பிடிஎஃப்பாக வெளியே எடுத்து, ஓரத்து வெற்றிடத்தை வெட்டி, எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் இரண்டு விரலை விரிப்பாள். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். "பாஸ்" என்பாள். பரீட்சையில் பாஸானால்கூட அவர்கள் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் படத்தையெல்லாம் பார்த்தவளுக்குத்தான் சொந்தப் படம் காலை வாரியது.

வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பேட்டரி ஆட்டோவுக்கான சார்ஜர் ஒன்று அவள் கண்டுபிடிப்பு. வீட்டு கரண்டு ஏறி இறங்கும் நேரத்தில் மற்ற சார்ஜர்கள் நின்றுபோகும், இல்லாவிட்டால் பேட்டரியைச் சூடாக்கும். அவளுடையது பேட்டரியின் நிலையை ஓயாமல் கேட்டுக்கேட்டு, கரண்டுக்குத் தகுந்தபடி மெதுவாகவோ வேகமாகவோ ஏற்றும். அவளும் சேரனும் இருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கில் குடியிருக்கும் மெஹபூப் பாஷாவின் ஆட்டோ அதில்தான் தினமும் சார்ஜ் ஆகிறது. "மேடம் மிஷின் வந்ததுலேந்து வண்டி மக்கர் பண்றதே இல்ல" என்று ஏறும் சவாரிக்கெல்லாம் சொல்வார். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். அந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பதிவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இனி நீட்ட முடியாது. கட்டுரை போனால் பட்டமும் போச்சு, இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

பதில் வந்தது. படித்துப் பார்த்த நிபுணர்கள் இருவர். முதலாமவர் நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியதை என்னிடம் நீட்டி, "ஷீலாக்கா, நான் புரிஞ்சிக்கிட்டது சரியா பாரு" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை. அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். மூன்றாவது படத்தில், பேட்டரியின் நிலையைச் சொல்ல வேண்டிய கம்பி எதனுடனும் சேரவில்லை, மற்றொரு கம்பியைத் தாண்டிக்கொண்டு போகிறது, இப்படி ஒரு சர்க்யூட் வேலை செய்யவே முடியாது என்று எழுதியிருந்தார். கடைசி வரிதான் சுருக்கென்றது. அப்படியானால் ஆசிரியர் கொடுத்திருக்கும் முடிவுகள் எங்கிருந்து வந்தன?

"நான் டபாய்க்கிறேன்னு சொல்றான்க்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஆத்தங்கரைல குந்திக்கினு படிச்சவக்கா நானு. ஒரு மார்க்கு ஓசில வாங்கினது கெடையாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் எதிரே இருந்திருந்தால் சிவப்பு மையால் அவர் முகத்திலேயே வட்டம் போட்டிருப்பேன். உட்கார்ந்து மூன்று பத்தி ஆங்கிலம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த ஆங்கிலம் அது. அவமானப்படுத்துவதற்கு அந்த மொழியில் எவ்வளவு வசதி இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

மணிமொழி அதை அனுப்பவில்லை. ஆய்வு வழிகாட்டி கல்யாணராமன் சாரை மயிலாப்பூரில் பார்க்கப் போனாள். துணைக்கு நான். சார் தங்கமான மனிதர், எதற்கும் பதற மாட்டார்.

"அடடா, இதுக்கா இப்படி வாடிப் போயிருக்கே? கம்பி சேர்ற எடத்துல வைக்கற புள்ளி அவர் கண்ணுல படலை, அவ்வளவுதான். கட்டுரைல ஒரு வரி சேர்த்துடு, இந்த ரெண்டு கம்பியும் இங்கே சேர்றதுன்னு. நம்மாத்துலயே ஒக்காந்து முடிச்சுண்டு போயிடலாம். காபி கொண்டுவரச் சொல்றேன்."

"காபி குடிக்கிறேன் சார். வரி வேணாம் சார்" என்றாள். "படிக்கிறவங்க மொதல்ல படத்ததான் சார் பார்ப்பாங்க. வரி அப்பறம். அவரு பார்த்ததச் சொல்லிட்டாரு. அவரு கண்ணுக்கு ஏன் அப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும் சார்."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். தோசை மாதிரி உருண்டையாக, ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. "இருக்கே! இவ்ளோ பெருசா இருக்கே!" என்று புலம்பினாள். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஆசிரியர் அறை, பேருந்து, கேன்டீன் வரிசை, எங்கே பார்த்தாலும் அந்தப் புள்ளியை விரித்து விரித்துப் பார்த்து, "இருக்கே" என்பாள். யார் அனுப்பிய பத்திரிகையையும் அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. உடையுது என்று அவள் சொல்லக் கேட்க மாட்டோமா என்றிருந்தது.

கடைசியில் நானே தொல்லை பொறுக்காமல், "அந்த ஆள் உன்னை மாதிரி கம்ப்யூட்டர்ல நோண்டிண்டா இருப்பார்? காகிதத்துல பிரிண்ட் எடுத்துப் படிச்சிருப்பார்" என்று வள்ளென்று விழுந்தேன். மயிலாப்பூர் சார் வீட்டுக் காபி குடித்ததில் அவர் பேச்சும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மணிமொழி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய், ஆய்விதழின் பக்கம் எப்படி இருக்குமோ அதே மாதிரி, இரண்டு பத்தியாக அடுக்கிக் கட்டுரையை அச்செடுத்தாள். அவள் முழுப் பக்கத்துக்கு வரைந்த படம் ஒரு பத்தியின் அகலத்துக்கு, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி வெளியே வந்தது. கோடும் மெலிந்திருந்தது. புள்ளியும் மெலிந்திருந்தது. மை பரவியதில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே புள்ளி ஒளிந்துகொண்டது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அவரவர் வழியில் போயின. அவ்வளவுதான் தெரிந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துப் பார்த்தாள். அப்போதும் அவ்வளவுதான்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊரு உலகத்தையே பெருசாக்கிப் பார்த்தேன் ஷீலாக்கா! ஒரு தபா, ஒரே ஒரு தபா, சிறுசாக்கிப் பார்த்தேனா நானு?"

சிரிப்பு வந்தாயிற்று, மருந்து வரவில்லை. புள்ளியைப் பெரிதாக்கலாம். ஆனால் நாளைக்கு இன்னொருவன் இன்னும் சிறிதாக்கினால்? அதை சேரனிடம் கேட்க பாஷாவின் ஆட்டோவில் தேனாம்பேட்டைக்குக் கிளம்பினோம். அண்ணா சாலையில் நெரிசல். வண்டிகள் மேம்பாலத்தில் ஒரு திசையில் போக, கீழே குறுக்காக வேறு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மணிமொழி தலையை வெளியே நீட்டி மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று என் தொடையில் ஓங்கி ஓர் அடி.

"ஷீலாக்கா! மேல போறவன் கீழ போறவனோட சேருறானா? இல்ல. அது பாலம். இதே எடத்துல சிக்னல் இருந்தா சேருவான். நாலு ரோட்டு சந்திப்புல மேலேந்து பார்த்தா பாலமா சிக்னலான்னு தெரியாது. புள்ளி வெச்சாதான் தெரியும். ஆனா ஒரு சந்து வந்து மெயின் ரோட்டுல முட்டி நின்னுச்சுன்னா? அங்க பாலமா கட்டுவான்? முட்டினா சேர்ந்துதான ஆவணும்! புள்ளி எதுக்கு?"

எனக்கு வலிதான் தெரிந்தது. பாஷா திரும்பி, "எறங்கணுமா மேடம், வேணாமா?" என்றார்.

"போய்க்கினே இரு நைனா!"

அன்றைக்கே படத்தைக் கலைத்து வரைந்தாள். நான்கு கம்பி ஒரே இடத்தில் கூடும் சந்திப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, கொஞ்சம் தள்ளித் தள்ளி, முட்டி நிற்கும் இரண்டு சந்துகளாக்கினாள். புள்ளியை எடுக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். படத்தின் அளவையே ஆய்விதழின் பத்தி அகலத்துக்கு வைத்து, அந்தச் சின்ன அளவிலேயே எழுத்தும் கோடும் கண்ணுக்குத் தெரியும்படி தடிமன் ஏற்றினாள். குளிப்பாட்டினாள், தலை சீவினாள், பவுடர் போட்டாள். பெரிதாக்கிப் பார்ப்பது சேரன் பொறுப்பு. கடைத் திரையில் ஒரு சுவர் அளவுக்கு இழுத்துவிட்டு, "தௌலத்தா கீது" என்றான். சிறிதாக்கிப் பார்ப்பது பாஷா பொறுப்பு. படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி அச்செடுத்து, ஆட்டோ மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"பேட்டரிலேந்து வர்ற இந்தக் கம்பி எங்க போவுது, சொல்லு."

பாஷா நகத்தை வைத்து நகர்த்தினார். "நேரா வருது... இங்க வந்து முட்டுது... இதோட சேர்ந்து அந்தப் பொட்டிக்குள்ள போவுது."

"அங்க ஒரு புள்ளி தெரியுதா?"

பாஷா கண்ணை இடுக்கினார். "எந்தப் புள்ளி மேடம்?"

மணிமொழி கையைத் தட்டிக் குதித்தாள். தேனாம்பேட்டை நடைபாதையில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "புள்ளியே தெரியல, வழி சொல்லிட்டாரு! ஷீலாக்கா, கேட்டியா? புள்ளியே தெரியல!"

ஆய்விதழுக்கு எழுதும் பதிலில் என் மூன்று பத்தியும் அடிபட்டுப்போயின. அவள் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: நீங்கள் பார்த்தது சரி, நான் காட்டியதுதான் சரியில்லை, இதோ புதிய படம். எனக்கு மகா வருத்தம். இன்றைக்கும் அந்த மூன்று பத்தியை வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்பட்டால் கேட்கலாம்.

பிறகு காத்திருந்தோம். அவள் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். "வந்தா நீயே படி. நல்லதுன்னா மட்டும் சொல்லு" என்பாள். ஒருநாள் நான் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கைபேசி அதிர்ந்தது. பார்த்தேன். கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாம் நிபுணர் தம் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். என் ஐயம் தீர்ந்தது, சர்க்யூட் படத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டப் போகிறேன் என்று.

மதிப்புக்குரிய ஆங்கில ஆசிரியையான நான் தாழ்வாரத்தில் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றுகொண்டது. ஆய்வகக் கதவைத் தள்ளி, "வந்துடுச்சுடி! ஜெயிச்சுட்டடி!" என்று கத்தினேன். சால்டர் கம்பியும் கையுமாக நின்றிருந்த பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். மணிமொழி படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? ஆய்விதழ் அனுப்பிய கடிதத்தின் தலைப்பில் அச்சாகியிருந்த அவர்கள் சின்னத்தின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்தாள்.

"உடையுது ஷீலாக்கா" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். முதல்வர் ஓடிவந்து, காரணம் தெரிந்ததும் அவரும் கைதட்டினார். கல்யாணராமன் சார் போனில் குதித்தார். "அசத்திட்டேம்மா! நம்மாத்துல பாயசத்துக்குச் சொல்லியாச்சு. அந்த வரி சேர்க்காம இருந்தியே, அதுதாம்மா சமத்து!"

ஞாயிற்றுக்கிழமை காலை மந்தைவெளியில் அவர்கள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு என்னைக் கட்டாயம் வரச் சொன்னாள். போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். மொட்டைமாடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு ஃப்ளெக்ஸ். அந்தச் சுவர் எத்தனையோ பேனர் பார்த்த சுவர். மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கும்பிட்ட கையோடு சிரிக்கும் வட்டத் தலைவர் என்று எல்லாம் அங்கே தொங்கியிருக்கிறது. இதில் ஒரு முகமும் இல்லை, கும்பிட்ட கையும் இல்லை. வெள்ளை வெளேர் என்ற துணியில் கறுப்புக் கோடுகள். கீழே சின்னதாக "படம் 3". சேரன் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினான். கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

கீழே பிளாக்கே கூடியிருந்தது. "மணி, மூஞ்சி எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "கிட்ட போய்ப் பாரு, எங்கனா உடையுதா?" என்றாள் மணிமொழி. அவ்வளவுதான், சின்னவர் பெரியவர் எல்லோரும் ஃப்ளெக்ஸில் மூக்கை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவராலும் ஒரு சதுரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேட்டியும் தூக்கு வாளிப் பாயசமுமாக வந்த கல்யாணராமன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "புள்ளி இப்போ நன்னாத் தெரியறதேம்மா!" என்றார்.

பாஷாவின் ஆட்டோ வந்து நின்றது. முனியம்மாள் இறங்கினார். நிமிர்ந்து மொட்டைமாடி வரைக்கும் பார்த்தார். பழைய பேனர் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதட்டோரம் துடித்தது.

"இன்னாடி இது?"

"என் சர்க்யூட்டும்மா. இதுக்குத்தான் என்னை டாக்டர் ஆக்கப் போறாங்க."

"எனக்கு இன்னா புரியும்?"

"புரியும், வா."

அம்மாவின் கையைப் பிடித்து ஃப்ளெக்ஸுக்கு அருகே அழைத்துப் போனாள். இரண்டாம் நிபுணர் சேரவே இல்லை என்று சொன்ன அந்தச் சந்திப்பு சரியாக ஆள் உயரத்தில் இருந்தது. புள்ளி ஒரு டம்ளர் மூடி அளவுக்கு, கன்னங்கரேலென்று. மணிமொழி அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து முழுசாக மூடினாள்.

"இந்தக் கம்பி சேரவே இல்லன்னு ஒரு ஆளு சொன்னான்ம்மா. பேட்டரி இங்க கீது. இங்கேந்து கெளம்பற கம்பி எங்க போய்ச் சேருது, நீ சொல்லு."

கூட்டம் நெருங்கி வந்தது. முனியம்மாள் மீன் முள் எடுக்கிற கவனத்தோடு ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் வைத்தார். மெதுவாக நகர்த்தினார். விரல் கோட்டோடு வந்து, மகளின் கைவிரல்களில் முட்டி, ஒரு நொடி நின்றது. பிறகு அந்தப் புறங்கையின் மேலேயே ஏறி, நரம்புகளைக் கடந்து, மேலே போகிற கோட்டில் இறங்கியது.

"இதோ, இதோடதான் சேருது. இத்த ஒரு ஆளு சேரலன்னானா?"

மணிமொழி எங்கள் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள், இடது கையால். வலது கையைப் புள்ளியிலிருந்து எடுக்கவேயில்லை.